கொட்டேஷன் வாங்கிய குழாய்

ஓர் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் அவர். குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டார். தெருவில் அவருக்குக் 'கொட்டேஷன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் வளவளவென்று பேசுகிறவர் அல்ல.

"ஏங்க, சிங்க் குழாயை மாத்தணும். கழுத்து குட்டையா இருக்கட்டும். முழங்கையால தள்ளினா திறக்குற மாதிரி நீளக் கைப்பிடி வேணும். சோப்புக் கையோட திருக முடியல."

"குறிச்சுக்கிட்டேன்," என்றார் அவர்.

குறித்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ, வீட்டிலும் அதே அர்த்தம்தான்.

பதினோரு வாரம் கடை கடையாக ஏறி இறங்கினார். காட்சிக்கு வைத்திருந்த குழாய்களை நாடாவால் அளந்தார். தண்ணீரே வராத குழாயைத் திறந்து, காதை வைத்துக் கேட்டார். கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டதும் சாப்பிடப் போனார்கள். அதுவரை மனைவி பழைய குழாயில் ரப்பரைச் சுற்றி ஓட்டினார்.

கடைசியில் வந்தது ஒரு கொக்குக் கழுத்துக் குழாய். மூன்று விதமாகப் பீய்ச்சும். திறந்தால் வாயில் நீல விளக்கு எரியும். திருக, தலையில் பொத்தான் அளவுக்கு ஒரு குமிழ்.

பிளம்பர் அதையும் சிங்க்கையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், சிங்க் ஆழம் கம்மி. இவ்வளவு உசரத்துல இருந்து விழுந்தா தெறிக்கும்."

"நீங்க மாட்டுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துட்டேன்."

மறுநாள் டீச்சர் நனைந்த புடவையோடு வகுப்புக்குப் போனார். அன்று மாலை குழாயின் வாயில் ஒரு பழைய துணியைக் கட்டினார். இவர் அவிழ்த்தார். அவர் மறுபடி கட்டினார்.

"பதினோரு வாரம் அலைஞ்சு வாங்கினதுக்கு இதுதான் மரியாதையா?"

"மரியாதையைக் குழாய்க்கு நீங்க குடுங்க. துணி என் புடவைக்கு."

இவர் துணியை அவிழ்த்திருந்த ஒரு காலையில், தரையில் தெறித்த தண்ணீரில் டீச்சருக்குக் கால் வழுக்கியது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சிங்க் முன்னால் போய் நின்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சோப்பு விரலில் குமிழ் வழுக்கியது. ஒருவழியாகத் திறந்ததும், பாத்திரத்தின் அடியில் பட்ட தண்ணீர் திரும்பி வந்து மூக்குக் கண்ணாடியில் அடித்தது. தொப்பை வரை நனைந்தார். நீல விளக்கு மட்டும் ஒரு குறையுமில்லாமல் எரிந்தது.

மூன்றாம் நாள் இவரே துணியைத் தேடி எடுத்துக் கட்டினார். மேஜையில் இடது கையால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் அதைப் பார்த்தார். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது இவருக்கு.

"அன்னைக்கு எப்படி வேணும்னு சொன்ன?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

டீச்சர் ஒரு வார்த்தை மாறாமல் திரும்பச் சொன்னார். இந்தத் தடவை இவர் ஓர் உறையின் முதுகில் எழுதிக்கொண்டார்.

இரண்டு பேருமாகக் கடைக்குப் போனார்கள். டீச்சர் ஒவ்வொரு கைப்பிடியையும் மாவுக்கட்டுப் போட்ட கையின் முழங்கையாலேயே தள்ளிப் பார்த்தார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இன்னும் இரண்டு கடை பார்க்கலாமே என்று இவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் மாலைப் பாத்திரங்கள் இவர் பொறுப்பிலேயே நின்றுவிட்டன.

ஒருநாள் மாடிவீட்டுக்காரர் குழாய் வாங்க யோசனை கேட்டு வந்தார். கொட்டேஷன் ஒரு மணி நேரம் விளாசித் தள்ளினார். சிங்க்கின் ஆழம், கழுத்தின் உயரம், முழங்கை.

"எல்லாம் அனுபவத்துல சொல்றேன்."

"யாரோட அனுபவம்னும் சேத்துச் சொல்லுங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் கொஞ்சம் குனிந்து, "பாதி அவங்களோடது," என்றார் மாடிவீட்டுக்காரரிடம்.