ஊர் வெளிச்சத்தை வெட்டும் கண்ணாடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். எழுதினால் என் கணவரைக் குறை சொல்வது போல ஆகிவிடுமோ என்று ஒரு பயம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், விஞ்ஞான விஷயத்தைத் தப்பாக எழுதிவிடுவேனோ என்று இன்னொரு பயம். ஆனால் எங்கள் தெருவில் அன்றைக்கு நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செல்போனில் கேமரா வரத் தொடங்கியிருந்த சமயம் அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவரும் அவர் தம்பியும் கம்பெனி வேலைக்காரர்கள். கொழுந்தனார் எலக்ட்ரீஷியன். அவருக்கு வானத்தைப் படம் எடுப்பதில் அப்படி ஒரு பைத்தியம். நிலாவை இல்லை, அதற்கும் எத்தனையோ தூரத்தில் புகை மாதிரி இருக்கிற நட்சத்திரக் கூட்டங்களை. எங்கள் ஊர் வானத்திலோ இருட்டே கிடையாது. பொழுது சாய்ந்தால் கம்பெனி விளக்குகளும் இரும்பு உருக்கும் உலைகளும் சேர்ந்து வானத்தை டீ மாதிரி ஆக்கிவிடும்.

இப்படிப்பட்ட வானத்துக்கு எந்த டெலஸ்கோப் சரிப்படும் என்று அவருக்குக் குழப்பம். காசைப் போட்டுவிட்டு ஏமாறக் கூடாது என்று, சென்னையில் தெரிந்தவர்களிடம் இரண்டை இரவல் வாங்கி வந்தார். ஒன்று உள்ளே கண்ணாடி வைத்த பெரிய குழாய், பெரியவர்கள் கட்டிப்பிடித்தால்தான் தூக்க முடியும். வெளிச்சத்தை நிறைய வாங்கும், ஆனால் பழவேற்காட்டுப் பக்கத்துக் காற்று அடித்தால் ஆடும், படத்தில் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொள்ளும். இன்னொன்று முன்னால் லென்ஸ் வைத்த சின்னது. ஆடாது, ஆனால் ஒரு படத்துக்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். அவர் மனசு பெரியதன் பக்கமே சாய்ந்திருந்தது. அதைத் தினமும் இறக்க முடியாது என்பதால் மொட்டை மாடியிலேயே துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

போகிக்கு மறுநாள் பொங்கல். போகி அன்று இருட்டியதும் பெரிய குழாயில் எங்களுக்குக் காட்டினார். கண் வைக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடியைத் திருகினார். அது எதற்கு என்று என் கணவர் கேட்டார். "வெளிச்சத்த வெட்டுற கண்ணாடிண்ணே" என்றார் கொழுந்தனார். அதைப் போட்டதும் டீ நிற வானம் கறுத்தது. அதில் மெல்லிய புகை போல ஒன்று தெரிந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கல் பானை ஏற்றினேன். கொழுந்தனார் கரும்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். என் கணவர் தினமும் குளித்ததும் சூரியனைக் கும்பிடாமல் தண்ணீர்கூட குடிக்க மாட்டார். அன்றைக்கோ சூரியனுக்கே உரிய நாள். டெலஸ்கோப் மேல் இருந்த துணியை எடுத்தார்.

"பகவான கிட்டத்துல பாக்கலாம்டி. வெளிச்சத்த வெட்டுற கண்ணாடிதான் போட்டுக்கீதே" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

குழாயின் நிழல் தரையில் சின்ன வட்டமாகச் சுருங்கும் வரைக்கும் அதைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினார். முதல் தரிசனம் குழந்தைக்கு என்று, இரண்டாவது படிக்கும் எங்கள் மகளைத் தூக்கினார். கண் வைக்கும் இடம் உயரத்தில் இருந்தது.

ஏதோ தீய்கிற வாசனை வந்தது. பானை அடி பிடிக்கிறது என்று நினைத்துக் கரண்டியை விட்டுக் கிளறினேன். அடி பிடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண் வைக்கும் ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் பட்டு, என் மகளின் தலை ரிப்பனிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் படியேறி வந்த கொழுந்தனார் கரும்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அந்த ஓட்டையைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். இன்னொரு கையால் குழாயை ஒரே தள்ளு. அது சாய்ந்து விழுந்தது. அதில் திருகியிருந்த சின்னக் கண்ணாடி சூட்டில் ஏற்கெனவே நடுவில் விரிசல் விட்டிருந்தது.

"அது ஊரு லைட்டுக்குப் போடுறதுண்ணே. சூரியனுக்கு இல்ல" என்றார். உள்ளங்கை சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. "பாப்பா உள்ள பாத்துச்சா? சொல்லுண்ணே, பாத்துச்சா?"

என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தையோ மிரண்டுபோய் அழுதாளே தவிர, பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. பொங்கலை அப்படியே விட்டுவிட்டு ரயிலேறிச் சென்னைக்கு ஓடினோம். வழி முழுக்க விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டுக்கொண்டே போனேன். பெரியபாளையத்து அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவள், "அம்மா, உன் மூஞ்சி சரியா தெரியலம்மா" என்றாள். அந்த மருந்தே அப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தெரியாது. அந்த பெஞ்சில் நான் செத்துப் பிழைத்தேன்.

டாக்டரம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு, உள்ளே காயம் எதுவும் இல்லை என்றார். சூரியன் சுட்டால் கண்ணுக்குள் வலியே தெரியாது, பார்வை போன பிறகுதான் தெரியவரும் என்றும் சொன்னார். வீடு வந்து சேரும் வரைக்கும் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ராத்திரி சாப்பாடு ஊட்டும்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "சாமி பாக்கறதுக்கு முன்னாடி கண்ண மூடி கும்பிட்டுக்கினு இருந்தேன். அதுக்குள்ள சித்தப்பா தள்ளிட்டாரு."

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

அதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, சுவரில் மாட்டிய காலண்டரைப் படிக்கச் சொல்வேன். கண்மலர் சாத்திவிட்டு வந்த பிறகும் அது நிற்கவில்லை.

கொழுந்தனார் கடைசியில் சின்ன லென்ஸ் டெலஸ்கோப்பைத்தான் வாங்கினார். பெரியதுதானே வெளிச்சத்தை நிறைய வாங்கும் என்று நானே கேட்டேன். "பகல்ல துணி காயப்போட ஆள் ஏறுற மாடி அண்ணி. வேலை முடிஞ்சா ஒரு கையில தூக்கியாந்து பீரோவுல வெச்சுப் பூட்டணும். நம்ம ஊட்டுக்கு அதுதான் டெலஸ்கோப்பு" என்றார். காத்திருந்து காத்திருந்து அவர் எடுத்த படம், இந்த டீ நிற வானத்திலிருந்தே எடுத்த சிவப்புப் பூ மாதிரியான ஒன்று, இன்றைக்கும் எங்கள் பூஜை அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறது.

தெருவில் சிலர், சூரிய பகவான் கோபித்துக்கொண்டார் என்கிறார்கள். சிலர், வீட்டில் டெலஸ்கோப்பே வைக்கக் கூடாது என்கிறார்கள். இரண்டும் இல்லை. ஊர் வெளிச்சத்தை வெட்டும் கண்ணாடி சூரியனை வெட்டாது, அவ்வளவுதான். இதைப் படிப்பவர்கள் நான்கு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று கூட்டாமல், ஒன்று குறைக்காமல், என் கணவர் சொன்னதையும் நான் கும்பிட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள். பக்தியாய்ச் செய்கிற காரியத்திலும் விஷயம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை, இன்றைக்கும் என் மகள் என்னை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.