அக்கா பயந்த ஊசி

எங்கள் அக்கா பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இவ்வேளையில், அவருடன் பிறந்த ஒரே தம்பி என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அக்கா பிலிமத்தலாவைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, அம்மா கொழுந்து பறித்தே எங்களைப் படிக்கவைத்தார். அக்கா ஆசிரியையாகி, கட்டுகஸ்தோட்டையில் முதலாம் தரப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அத்தானை மணந்து அங்கேயே குடியிருந்தார்.

நாற்பது வயதுக்குள் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. என்னுடையது பொருந்தியது, ஒன்றைக் கொடுத்தேன். உடல் அதை ஒதுக்கிவிடாமலிருக்க, அன்று முதல் வேளை தவறாமல் மாத்திரை விழுங்கினார். அந்த மாத்திரைகளோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும்.

இன்புளுவென்சா தடுப்பூசி போடும்படி கிளினிக்கில் டொக்டர் சொன்னபோது அக்கா மறுத்துவிட்டார். அந்த ஊசியால் மாற்றிய சிறுநீரகம் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் வற்புறுத்திப் பார்த்தேன்.

“எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் தம்பி. ஒங்கிட்டேருந்து வாங்குனதுக்கு ஒன்னும் ஆயிடக்கூடாது” என்றார்.

அந்த மழைக்காலத்தில் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்புளுவென்சா காய்ச்சல் வந்தது, அக்காவுக்கும் தொற்றியது. தொண்டை நோகிறது என்றவர், மறுநாள் ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சுக்குத் தவித்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் வழியே மூச்சுக் கொடுத்தார்கள். அத்தானும் நானும் வெளியே கதிரைகளில் இருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எங்களைத்தான் கூப்பிடப்போகிறார்களோ என்று எழுந்து நின்றோம். சிறுநீரகமும் நின்றுவிடலாம் என்றார்கள். எப்படியோ அக்காவும் பிழைத்தார், அதுவும் பிழைத்தது.

ஆனால் வீட்டில் பயம் தங்கிவிட்டது. பஸ்ஸில் யாராவது இருமினால் அக்கா முகக்கவசத்தை அழுத்திப் பிடித்தபடி நடுவழியில் இறங்கி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து நடந்தே வருவார். தும்மல் வந்தால் அத்தான் தாமாகவே வேறு அறைக்குப் போய்விடுவார்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, ஊசியே அந்தக் காய்ச்சலைத் தொற்றவைக்காது, சிறுநீரகம் கெடும் என்பதற்கும் ஆதாரமில்லை என்றார். “போட்டாலும் காய்ச்சல் வரலாம். ஆனா இந்த முறை மாதிரி மோசமாகாம இருக்க அது உதவும்” என்றார். அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொண்டார். பிறகு ஆண்டுதோறும் போட்டார். அத்தானும் நானும் போட்டோம்.

சில ஆண்டுகள் கழித்து அதே காய்ச்சல் மீண்டும் வந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இம்முறை சாதாரண வார்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததைக் கண்டு அத்தான் அழுதுவிட்டார். ஊசிதான் காத்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். நாங்கள் அப்படித்தான் நம்புகிறோம்.

போன ஆண்டு, காய்ச்சல் எதுவுமில்லாத ஒரு காலையில், அக்காவின் இதயம் நின்றது. அத்தனை காலம் நாங்கள் அஞ்சிய நோய் அவரைக் கொண்டுபோகவில்லை.

அக்காவைப் பராமரித்த டொக்டர்மாருக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த தோட்டத்து உறவுகளுக்கும் எங்கள் நன்றி. தங்களுக்குத் தடிமன், இருமல் என்றால் உள்ளே வராமல், கொண்டுவந்த பழங்களை வாசல் கேட்டில் கொழுவிவிட்டுத் திரும்பியவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு அது மனவருத்தமாக இருந்தது எனக்குத் தெரியும். நீங்கள் வீதி முடக்கில் திரும்பி மறையும்வரை அக்கா ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டேயிருப்பார்.