பருத்திக்காய் ஜிமிக்கி

என் சித்தி செய்யும் களிமண் நகைகளை இப்போது சிங்கப்பூரிலிருந்துகூடக் கேட்டு வாங்குகிறார்கள். யாராவது பேட்டி என்று வந்தால், படிப்பு முடித்துக் கம்பெனி வேலைக்குப் போனதையும், ஒரே வருடத்தில் அதை விட்டுவிட்டு மண்ணைக் கையில் எடுத்ததையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். பிறகு, "நடுவுல மூணு வருசம் மறுபடி வேலைக்குப் போனனுங்க" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவாள். ஏன் போனீர்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று பக்கத்தில் இருக்கும் நான்தான் காபி டம்ளர் எடுக்கிற சாக்கில் எழுந்துவிடுவேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. சித்தி அம்மாவின் தங்கை. வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தாள். அங்கேதான் மண் பிசைவது, உருட்டுவது, காயவைப்பது எல்லாம். தாராபுரத்திலிருந்து தாத்தா வாரம் தவறாமல் போன் செய்து, மண்ணில் விளையாடுகிற வயதா அவளுக்கு என்று அப்பாவைக் கேட்பார். மாமனாருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அப்பாவும் களைத்துப்போயிருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது ஒரு முடிவு சொன்னார்.

"இந்த ஒரு எக்ஸிபிஷன் போட்டுப் பாரு அம்மணி. நல்லா போச்சுன்னா நானே உங்கப்பாகிட்ட பேசறேன். ஆகலீன்னா வேலைக்கு எழுதிப்போடு."

"சரிங்க மாமா" என்றாள் சித்தி. அன்று மோரை ஊற்றியவள் சாதத்தைப் பிசையாமலே எழுந்துவிட்டாள்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் கண்காட்சி. அதில் வைக்கவென்று சித்தி யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய நினைத்தாள். தாத்தா தோட்டத்திலிருந்து வெடித்த பருத்திக்காய் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். முதலில் செய்தவை கத்தரிக்காய்க் காம்பு போல இருந்தன. அப்புறம் செய்தவை அறையில் வைத்திருந்த சின்னச் சூளையில் விரிசல் விட்டன. பள்ளி விட்டு வந்தால் நான் நேராக மாடிக்குத்தான் ஓடுவேன். "இது சரியில்ல கண்ணு, பஞ்சு தெரியவே மாட்டேங்குது" என்று, பெரிய மனுஷியிடம் சொல்வதுபோல் என்னிடம் சொல்வாள். இரண்டு மாதம் போராடி ஒருநாள் ஒரு ஜோடி ஜிமிக்கி வந்தது. நான்கு பக்கமும் விரிந்த பழுப்புக் காய், நடுவில் பிதுங்கும் வெள்ளைப் பஞ்சு. காதில் ஆடும்போது இப்போதுதான் வெடித்ததுபோல் இருக்கும்.

"எக்ஸிபிஷன் வரைக்கும் யாருகிட்டயும் காட்டக்கூடாது, தெரிஞ்சுதா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். நிஜமாகத்தான் ஆட்டினேன்.

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா காந்திபுரத்துக் கடைகளுக்கு வளையல், கம்மல், பொட்டு மொத்தமாகப் போடுகிறவர். தினமும் புதுக் கிளிப்போடு வந்து, "உங்க ஊட்டுல இதெல்லாம் இருக்குதா?" என்பாள். எத்தனை நாள் பொறுப்பது? ஒரு வெள்ளிக்கிழமை ஜிமிக்கியை ஜாமெட்ரி பாக்ஸில் பஞ்சு வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது அப்படி ஒரு சந்தோஷம். "அம்மாகிட்ட காட்டிட்டு திங்கக்கிழமை தாரேன்" என்றாள். கொடுத்தேன். சனியும் ஞாயிறும் சித்தி ஜிமிக்கி வைத்திருந்த டப்பாவைத் திறந்துவிடக் கூடாதே என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் திறக்கவில்லை. திங்கட்கிழமை பொருள் பத்திரமாக வந்துவிட்டது. பிள்ளையாருக்கு மூன்று தோப்புக்கரணம் போட்டதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அம்மா எனக்கு ஷூ வாங்க காந்திபுரம் கூட்டிப்போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஃபேன்சி கடை வாசலில், அட்டை அட்டையாக, பருத்திக்காய்கள் தொங்கின. அச்சில் வார்த்த பிளாஸ்டிக். பச்சை, ரோஸ், ஊதா என்று எந்தத் தோட்டத்திலும் காய்க்காத நிறங்கள். ஆனால் நான்கு பக்கமும் விரிந்த அந்த உருவம் சித்தியுடையதேதான். அம்மா பார்த்துவிடுவாளே என்று, ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லி அழுது அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடியில் சித்தி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஜோடி ஜோடியாகச் செய்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று தினமும் படியேறுவேன். "வந்துட்டியா கண்ணு, இத பாரு" என்று அவள் ஒன்றைத் தூக்கிக் காட்டியதும் பேசாமல் இறங்கிவிடுவேன்.

கண்காட்சியின் முதல் நாள் காலையிலேயே அது நடந்தது. பட்டுப்புடவை கட்டிய அம்மா ஒருத்தர் ஜிமிக்கியை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது காந்திபுரத்துல பாத்து செஞ்சதுங்களா? அங்க கலர் கலரா கெடைக்குதுங்களே" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். சித்திக்கு முதலில் புரியவில்லை. அடுத்து வந்த பெண், தன் மகள் காதிலேயே இருந்த ரோஸ் நிறத்தைக் காட்டினாள். சித்தி குனிந்து, அந்தக் குழந்தையின் காதை வெகுநேரம் பார்த்தாள். மதியம் வரை ஒரு ஜோடிகூடப் போகவில்லை.

மேஜைத் துணிக்குக் கீழே உட்கார்ந்திருந்த நான் வெளியே வந்து, அவள் சுடிதார் நுனியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் அம்மாவும் அப்பாவும் சாப்பாட்டுக் கூடையோடு வந்தார்கள். வாசலிலேயே யாரோ காந்திபுரத்துப் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா வந்ததும் வராததுமாக, "எப்படி புள்ள வெளிய போச்சு? யாருகிட்ட காட்டின?" என்று சித்தியைக் கேட்டாள்.

நான் ஒரு கையால் மேஜைத் துணியைப் பற்றிக்கொண்டேன். சித்தி அந்தக் கையைத் துணிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, "நாந்தாங்க்கா. ஆசைப்பட்டு ஃபேஸ்புக்ல போட்டோ போட்டுட்டேன்" என்றாள்.

"அறிவிருக்குதா உனக்கு?" என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். அப்பா கூடையைக் கீழே வைத்தார். அவர் திட்டவில்லை. "சொந்தப் பொருளயே காப்பாத்தத் தெரியலீன்னா தொழில் எப்படி அம்மணி?" என்று மட்டும் கேட்டார். சித்தி, "வாஸ்தவந்தாங்க மாமா" என்றாள். எனக்கு ஒன்பது நாளாக அடைத்திருந்தது சட்டென்று விலகியது. கூடையைத் திறந்து இரண்டு கிண்ணம் தக்காளி சாதம் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் சித்தி வேலைக்குப் போனாள். சூளையைத் துணி சுற்றி மொட்டைமாடியில் வைத்தார்கள். முதல் நாள் சாயந்தரம் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தவள், எனக்கு ஒரு பெட்டி நிறைய முட்டை பஃப்ஸ் வாங்கி வந்தாள். நான் ஒன்றை வாயிலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு, "நீ எப்பவும் வேலைக்கே போ சித்தி, இதான் நல்லாருக்குது" என்றேன். சித்தி சிரித்துக்கொண்டே என் வாயைத் துடைத்துவிட்டாள்.