குகை வாசலில் நின்ற மாப்பிள்ளை

தோன் பிளாசிதோ பிடித்த எட்னா எரிமலைப் படம் எதை எடுத்துப் பார்த்தாலும், பாறைக்குக் கீழே உளுந்து அளவுக்கு ஒரு மனிதன் இடுப்பில் கைவைத்து நிற்பான். அவன் எங்கள் நிக்கொலோசி ஊர்க்காரன் சிரினோ. பாறை எவ்வளவு பெரிது என்று காட்ட நிற்பதுதான் அவன் பிழைப்பு.

படப்பெட்டியைச் சுமப்பது என் கோவேறு கழுதை. தோன் பிளாசிதோ முதலில் அதைத்தான் மலையில் ஒரு குகை முன்னால் நிறுத்திப் பார்த்தார். படம் வாங்க வந்த ஜெர்மன்காரர்கள், கழுதை கம்பீரமாக இருக்கிறது, பின்னால் தெரியும் பொந்து என்ன என்று கேட்டார்கள். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரிலேயே குள்ளமான ஆளைத் தேடினார், சிரினோ அகப்பட்டான். அவன் நின்றால் பொந்துகூடப் பாதாளம்.

அந்தக் குள்ளத்தைச் சொல்லியே மூன்று வீட்டில் அவனுக்குப் பெண் தர மறுத்திருந்தார்கள். நான்காவது இடம் கடலோர ரிப்போஸ்தோவிலிருந்து வந்தது. பெண் பெயர் வெனேரா. அவளுடைய அம்மா மாப்பிள்ளையின் படம் கேட்டாள். இதுவும் கைவிட்டுப் போனால் அவ்வளவுதான் என்று சிரினோ சோறுதண்ணி இறங்காமல் கிடந்தான்.

"முகம் தெரியுற மாதிரி ஒண்ணு பிடிங்க, தோன் பிளாசிதோ."

"நான் மலை பிடிக்கிறவன்டா. மூக்கையும் முழியையும் பிடிக்கிறவன் கத்தானியாவுல இருக்கான், போ."

இனி பெட்டி ஏற்ற மாட்டேன் என்று நான் முறுக்கிக்கொண்ட பிறகுதான் இறங்கி வந்தார். மலையில் அந்தக் குகைப் பக்கமே பெட்டியை அவன் முகத்துக்கு நேரே வைத்தார். ஆனால் அவர் தலை கறுப்புத் துணிக்குள் போனதுமே சிரினோவின் கால்கள் பழக்கதோஷத்தில் தாமாகப் பின்னால் நடந்தன. இழுத்து வந்து நிறுத்தினாலும் அதே கதை. கடைசியில் குகை வாசலுக்கே போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டான். படத்தில் குகை பிரமாதமாக விழுந்திருந்தது. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினோம்.

பதிலை மீன்காரன் கொண்டுவந்தான். "குகை நல்லா இருக்காம். குடும்பம் அதுலதான் நடத்தணுமான்னு கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை ஆளை நேர்லயே பாக்க வர்றாங்களாம்."

ஞாயிறன்று பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் சிரினோ வெளிறிப்போய் நின்றான். உயரத்துக்காகச் செருப்பில் நான் தக்கை வைத்துக் கொடுத்திருந்தேன். நடக்க முடியாமல் கழற்றி எறிந்துவிட்டான், பாவி. பயத்தில் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

வெனேரா தெருமுனையிலேயே கண்டுகொண்டாள். "அதோ நிக்கிறாரே, அவருதான்மா."

அம்மாக்காரி கிட்டே வந்தாள். மடியிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"இதுல உளுந்தாட்டம் இருந்தீங்களே தம்பி. நேர்ல எவ்வளவு பெரிய ஆளு."

சிரினோ அங்கேயே அழுதுவிட்டான்.

மறுநாள் மலைக்குப் போனோம். துணிக்குள்ளிருந்து தோன் பிளாசிதோ கத்தினார். "டேய், பாறை சின்னதாத் தெரியுது. குறுகி நில்லுடா."

சிரினோ நெஞ்சை இன்னும் நிமிர்த்தினான்.

"முடியாது, தோன் பிளாசிதோ. வேணும்னா கழுதைய நிறுத்திக்குங்க."