பத்து மணித் தளிகை

கட்டைவிரலால் கெண்டைக்காலில் ஓர் அழுத்து. விரலை எடுத்ததும் சதை எவ்வளவு வேகமாகத் திரும்பி எழுகிறது என்று ஒரு பார்வை. பிறகு தீர்ப்பு: "நேத்து ராத்திரி பாதி சோத்த தட்டுலயே வுட்டுட்டு போனது நீதான?"

சத்தியவேட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியின் மெஸ் வாசலில், தினமும் காலை ஆறு மணிக்கு அம்சவேணி இந்தப் பரிசோதனையை நடத்துகிறார். காலை நீட்டிக்கொண்டு நிற்பவர்கள் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் சார்ஜர் செய்யும் ஒரு கம்பெனியின் பெண்கள் கால்பந்து அணியினர். அம்சவேணி விடுதிச் சமையல்காரர், அவ்வளவுதான். அணியில் அவருக்கு ஒரு பதவியும் கிடையாது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவர் பிறந்தது பங்காருபாளையம். நைனா, அதாவது அப்பா, மாங்காய் மண்டியில் தரம் பிரித்தவர். காம்போரம் அழுத்திப் பார்த்து, இது இன்றைக்கு, இது நாளைக்கு, இது ஜூஸுக்கு என்று மூன்று குவியலாகப் போடுவார். மகள் அந்த விஞ்ஞானத்தை மனித குலத்துக்கு விரிவுபடுத்தியிருக்கிறார். "இவ முழு ஆட்டம் தாங்குவா. இவ பாதி. இவ ஜூஸுக்கு." ஜூஸுக்கு என்று சொல்லப்பட்டவர் அன்று வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொள்வார்.

அவருடைய ஊட்டச்சத்துக் கொள்கை சுருக்கமானது. தடுப்பாட்டக்காரிகளுக்குக் கேழ்வரகுக் களி. "களி துன்னவ எடத்த வுட்டு நவுர மாட்டா." முன்னால் ஓடுகிறவர்களுக்கு இட்லி, வேர்க்கடலைச் சட்னி. கோல்கீப்பர் நந்திதாவுக்கு எதுவானாலும் அரைப் பங்கு. "நின்னுக்கினே கீறவளுக்கு இன்னாத்துக்குடி?" இந்த அநீதியை எதிர்த்து நந்திதா இரண்டு வருடமாகப் போராடி வருகிறார். வெற்றி இன்னும் கிட்டவில்லை.

இவ்வளவு செய்பவர் இதுவரை ஒரு கோலைக்கூடப் பார்த்ததில்லை. மைதானத்தில் அவர் கண் பந்தின் பக்கமே போகாது. கால்களை மட்டும் பார்ப்பார். ஊரே எழுந்து கத்தும்போது, "யாருனா வுழுந்துட்டாளா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்.

போன வருடம் விழுந்தார்கள். திருப்பதியில் இறுதி ஆட்டம், புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டு, படைத்ததைச் சாப்பிடும்வரை பச்சைத் தண்ணீர்தான் என்பது பெண்கள் எல்லோருடைய வீட்டு வழக்கமும். கோப்பைக்காக வேண்டிக்கொண்டு பதினோரு பேரும் அம்சவேணிக்குத் தெரியாமல் அன்று பட்டினி கிடந்தார்கள். கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம் பஸ் டிரைவருக்கும் கிளீனருக்கும் போனது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஐந்து பேருக்குக் கால் இழுத்துக்கொண்டு, மைதானம் அறுவடை முடிந்த வயல் மாதிரி ஆயிற்று. எதிரணி நிதானமாக மூன்று கோல் போட்டது. டிரைவர் மட்டும் அன்று மிகத் தெம்பாக இருந்தார்.

பழி சாப்பாட்டின் மேல் விழுந்தது. பிறகு டிரைவர் மூலம் விஷயம் தெரிந்தபோது, பட்டினிதான் காரணம் என்று அம்சவேணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பெருமாள்மேல் குற்றம் சொன்னது போலாகும் என்று வாயை மூடிக்கொண்டார்.

இந்த வருடம் மனிதவள அதிகாரி ஜெயபிரகாஷ் ஒரு டயட் சார்ட்டோடு வந்தார். வண்ணத்தில் அச்சடித்தது. அம்சவேணி அதிலிருந்த ஒரு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மீனு பழவேற்காட்டுல கெடைக்குமா சார்?"

"அது சால்மன்ம்மா. குளிர்க் கடல் மீன். நல்லா ஓடற வீரர்கள் எல்லாம் அதத்தான் சாப்பிடறாங்க."

"குளுர்ல கீறவங்க எப்பிடியும் ஓடித்தான சார் ஆவணும்?"

அதிகாரி சிரிக்கவில்லை. இந்த முறையும் ஒரு கால் இழுத்துக்கொண்டாலும் போதும், அணியின் சாப்பாடு திருப்பதியிலிருந்து டப்பாவில் வரும், மைதானத்துக்கு அம்சவேணி வரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சார்ட் மெஸ் சுவரில் எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் ஒட்டப்பட்டது. மிகச் சரியான அளவு.

இறுதி ஆட்டம் மறுபடியும் புரட்டாசிச் சனிக்கிழமை, மூன்று மணிக்கு என்று வந்தது. முந்தின நாள் கேப்டன் கௌசிகாவை அம்சவேணி அடுப்படிக்குள் இழுத்து நிறுத்தினார்.

"நாளிக்கும் பட்னியாடி?"

கௌசிகா நகரி ஊர்ப் பெண். பொய் சொல்ல வராது. "நேந்துக்கினோம்க்கா. தளிகை முடியாம வாயில ஒண்ணும் வெக்க மாட்டோம்."

"வூட்ல தளிகை எத்தினி மணிக்கு?"

"ஒரு மணி ஆவும்."

"பெருமாளு வாச்சா கட்டிக்கினு கீறாரு? விடியறதுக்கு முன்னாடியே சுப்ரபாதம் பாடி எழுப்பி வுட்டுடறாங்க. ஒரு மணி வரிக்கும் அவரும் பட்னியாவே கீணுமா? பத்து மணிக்கு போடறேன். வந்து துன்னுட்டு பஸ் ஏறுங்க."

இதில் குற்றம் கண்டுபிடிக்க எந்த சாஸ்திரத்துக்கும் வழியில்லை. சனிக்கிழமை காலை பதினோரு பேரும் நாமம் இட்டுக்கொண்டு, சொம்பை ஏந்தி, "கோவிந்தா, கோவிந்தா" என்று நான்கு மாடிகளில் அறை அறையாக அரிசி வாங்கினார்கள். வார்ம்-அப் அங்கேயே முடிந்தது. பத்து மணிக்குப் புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், சுண்டல், வடை படைக்கப்பட்டன. கண்காணிக்க வந்த ஜெயபிரகாஷ் பிரசாதத்தை மறுக்க முடியாமல் மூன்று முறை மறுக்காமல் இருந்தார். விடுதி முழுவதும் சாப்பிட்டபின் அம்சவேணிக்குப் பாத்திரத்தின் அடிதான் மிஞ்சியது. "நான் கிரவுண்டுல பாத்துக்கறேன்" என்று மாவிளக்கு மாவை டப்பாவில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பச்சரிசி மாவு, வெல்லம், ஏலக்காய், விளக்கெரிந்த நெய். இடைவேளைக்கு ஆளுக்கு ஓர் எலுமிச்சை அளவு. கடைசி உருண்டை தனக்கு.

இடைவேளையில் ஒரு பக்கமும் கோல் விழவில்லை. உருண்டைகளை நீட்டிக்கொண்டிருந்தபோது ரெஃப்ரி வந்து நின்று, அது என்ன என்று தெலுங்கில் கேட்டார்.

"ஏமிடம்மா அதி?"

"பிரசாதம் சார்."

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார், வலக்கையை நீட்டினார், கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். இதை எதிரணி பார்த்துவிட்டது. அவர்களும் வரிசையில் வந்து கை நீட்டினார்கள்.

"அக்கா, அவங்களுக்குமா?" என்று கௌசிகா பல்லைக் கடித்தார்.

"பெருமாளு சோத்துல இன்னாடி இந்த டீமு, அந்த டீமு?" என்ற அம்சவேணி, எதிரணிக் கோல்கீப்பருக்கு மட்டும் அரை உருண்டை கொடுத்தார். கொள்கை கொள்கைதான். டப்பா காலியாயிற்று. கடைசி உருண்டையும் போயிற்று.

இரண்டாம் பாதியில் இருபத்திரண்டு பேரும் மாவிளக்குத் தெம்பில் ஓடினார்கள். அம்சவேணியும் கோட்டுக்கு வெளியே கால்களை எண்ணிக்கொண்டு கூடவே நடந்தார், ஓடினார். ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது கௌசிகாவின் கால் பந்தை வலைக்குள் அனுப்பியது. மைதானம் அலறியது.

"யாருனா வுழுந்துட்டாளா?"

"கோல்ம்மா! கோல்!" என்று ஜெயபிரகாஷ் துள்ளினார்.

"அத்த வுடு சார். எல்லாரும் நின்னுக்கினு கீறாங்களா?"

நின்றுகொண்டுதான் இருந்தார்கள், கடைசி விசில்வரை, பதினோரு பேரும். அதிகாரி தன் போனைத் திறந்து, சார்ட்டில் சால்மனை அடித்துவிட்டு மாவிளக்கு என்று சேர்த்தார். அதற்கு எத்தனை கிராம் என்று கேட்கத் திரும்பினால் அம்சவேணி தரையில் கிடந்தார். வலது காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி. அன்றைய ஆட்டத்தில் கால் இழுத்துக்கொண்ட ஒரே ஆள்.

"காத்தாலேர்ந்து இன்னா துன்ன?" என்று கௌசிகா ஓடி வந்தார்.

அம்சவேணி காலி டப்பாவைச் சேலைக்குள் மறைத்தார்.

நந்திதா கோல் கம்பத்தடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இடைவேளையில் கௌசிகா தன் உருண்டையில் பாதியை அதில் மடித்துக் கொடுத்துவைத்திருந்தார். டப்பா காலியானதை அவர் கவனித்திருக்கிறார். கௌசிகா மாவை அம்சவேணியின் வாயில் திணித்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரலால் கெண்டைக்காலை அழுத்தி, எடுத்து, சதையை உற்றுப் பார்த்தார்.

"இது ஜூஸுக்குத்தான்" என்றார்.

வாய் நிறைய மாவு இருந்ததால் அம்சவேணியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, இன்னொரு காலையும் நீட்டினார்.