மூக்கு வெட்டின கத்தி

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. தங்கச்சி கண்மூடின பிறகு அவளுடைய இரண்டும் என்னுடைய பாயில்தான் படுத்தெழும்பின. ஏழும் இன்றைக்கு ஒருவரிடம் கையேந்தாமல் சீவிக்குதுகள். பள்ளிக்கூடம் என்று பார்த்தால் நான் மூன்றாம் வகுப்போடு சரி. என்னுடைய பேரை எழுதுவேன், பேப்பரில் பெரிய எழுத்தைக் கூட்டி வாசிப்பேன். ஆனபடியால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என்னுடைய பேத்தி, மூத்த மகளின் பிள்ளை. கதையில் வருகிறவளும் அவள்தான். தனக்குப் பிடிக்காத இடத்தை விழுங்கக் கூடாது என்று சொல்லிப்போட்டுத்தான் தொடங்குகிறேன்.

நடந்தது போன வருசம், மன்னார் கீரிக் கடற்கரையில், தென்மேற்கில் இருந்து வீசுகிற கச்சான் காற்று அடங்கி வருகிற நாட்களில். அப்போது அவளுக்குப் பதினாறு. சாதாரணதரச் சோதனை எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரைக்கும் வீட்டில் நின்றாள். வீட்டில் நின்றாள் என்பது பேச்சுக்கு. தகப்பனுடைய நண்டு வலை கரைக்கு வந்தால் இவள் அங்கேதான். வலையில் நண்டு கழற்றுவது பொறுமையான வேலை. கால் முறியாமல் எடுக்க வேணும், சிக்கின நூலை அறுக்க வேணும். இவள் நூலைப் பல்லால் கடிப்பாள். கடித்து அறாவிட்டால் பாதி பிளேட் ஒன்றைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தாள், அதை எடுப்பாள். ஒருநாள் பைக்குள் கைவிட்டபோது கடதாசி விலகி, பெருவிரலின் தோல் நீளமாகக் கிழிந்துவிட்டது.

அன்றைக்குச் சொன்னேன், இந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான மடக்குக் கத்தி ஒன்று வாங்க வேணும் என்று. மகள் சம்மதிக்கவில்லை. பொம்பிளைப் பிள்ளை கத்தியோடு திரிந்தால் சனம் என்ன கதைக்கும் என்று கேட்டாள். நண்டு கழற்றுகிற பிள்ளையின் கையில் கத்தி இல்லாமல் கரண்டியா இருக்கும் என்று நான் கேட்டேன். அவள் சொன்னதிலும் பிழையில்லை. இளம் பிள்ளைகளின் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற கண்கள் எங்களுடைய ஊர்ப் பக்கத்தில் சண்டைக் காலம் தொட்டே இருக்கின்றன. அது எனக்கும் தெரியும். கத்தி என்றால் எல்லாக் கத்தியும் ஒன்றா? பார்க்கிறவனுக்குப் பயம் வராத கத்தியும் இருக்கிறது.

கடைசியில் மகள் இறங்கி வந்தாள். ஆனால் ஒரு சொல் சொன்னாள்.

"வேண்டிக் குடுங்கோ அம்மா. ஆனால் அந்தக் கத்தியாலை ஒரு சொட்டு ரத்தம் பார்த்தன் எண்டால், கத்தி கடலுக்கை, இவள் வீட்டுக்கை. பிறகு என்னோடை கதைக்க வரக்கூடாது."

பேத்தியின் முகத்தைப் பார்த்தேன். கடற்கரையை மறித்தால் இவளுக்கு வேறொன்றும் இல்லை. படிப்பில் கெட்டிக்காரிதான், ஆனால் மூச்சு விடுவது அங்கேதான். என்னுடைய பிள்ளைகள் யாருக்கும் வராத கடற்புத்தி இவளுக்கு வந்திருந்தது. மகளுடைய சொல் விளையாட்டுச் சொல் இல்லை என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது.

அடுத்த நாள் இரண்டு பேரும் பஸ் ஏறி மன்னார்ப் பட்டினத்துக்குப் போனோம். நான் எப்போதும் போகிற இரும்புக் கடை, உப்புக்குளத்துத் தம்பி ஒருவர் நடத்துகிறார். முதலில் அவர் எடுத்துப் போட்டது கறுப்புக் கத்தி. ஒரு குமிழை அமத்த டக்கென்று தானாக விரிந்தது. அலகில் வாள் மாதிரிப் பல்லு, பிடியில் மண்டையோடு. பேத்தியின் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இதை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். பெடியள் விரும்பி எடுக்கிறாங்க அம்மா என்றார். பெடியள் எடுக்கட்டும், அந்தப் பக்கம் வையுங்கோ என்றேன். தானாக விரிகிற கத்தி பைக்குள்ளும் தானாக விரியும். மண்டையோடு நண்டுக்கு எதற்கு?

அடுத்தது கத்தரிக்கோல், திருகாணி, போத்தல் திறக்கிறது என்று ஒரு குடும்பமே உள்ளே இருக்கிற சாமான். பாரம். அலகை இழுக்கப் பேத்தியின் நகம் முறியப் பார்த்தது. அதுவும் வேண்டாம்.

மூன்றாவதை அவர் மேசையின் அடித்தட்டில் இருந்து தூசி தட்டி எடுத்தார். ஒரே ஒரு அலகு, மஞ்சள் பிடி. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துக்கொண்டது. மஞ்சள் என்றால் மணலில் விழுந்தாலும் தெரியும், பிறத்தியார் கண்ணுக்கும் அது பழம் வெட்டுகிற கத்திதான். அலகைப் பேத்தியின் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், நாலு விரல் அகலத்தைத் தாண்டவில்லை. விரித்து, அலகின் முதுகை மேசையில் வைத்து அழுத்தினேன். சாதுவாக அழுத்தும்போதே மடங்குகிற கத்தி ஒருநாள் விரலைக் கேட்கும். இது அசையவில்லை. முந்தானைத் தலைப்பில் வலை நூல் துண்டொன்று முடிந்து கொண்டு போயிருந்தேன். அதை அறுத்துப் பார்த்தேன். ஒரே இழுவை.

ஒன்றே ஒன்றுதான் குறை. முனை ஊசி மாதிரிக் கூராக இருந்தது.

என்னுடைய மனுசன் இருந்த காலத்தில் புதுக் கத்தி வாங்கினால் வள்ளத்துக்குக் கொண்டுபோக முதல் முனையைக் கல்லில் தேய்த்து மொட்டையாக்கிப்போடுவார். கடலுக்குப் போகிற கத்திக்கு மூக்கு இருக்கக் கூடாது என்பார். வள்ளம் ஆடுகிறபோது கூர் முனை பக்கத்தில் நிற்கிறவனைத்தான் முதலில் தேடும். வலைக்காரனுக்கு அறுக்கத்தான் கத்தி, குத்துவதற்கில்லை.

ஆகவே கடைக்காரத் தம்பியிடம், பின்னால் சாணை மெசின் வைத்திருக்கிறீர்கள் தானே, இந்த மூக்கை வெட்டித் தாருங்கோ என்றேன். அவர் பேத்தியைப் பார்த்தார், பேத்தி நிலத்தைப் பார்த்தாள்.

"புதுச் சாமானுக்கு ஏன் அம்மா இந்த அநியாயம்? பிறகு திருப்பி எடுக்க மாட்டன்."

திருப்பித் தர நான் வரமாட்டேன் என்றேன். நான் பக்கத்தில் நின்று காட்டக் காட்ட, முதுகுப் பக்கமாக வளைத்துத் தேய்த்தார். வெட்டுகிற பக்கம் நேராகவே நின்றது, முனை என் சின்னவிரல் நுனி மாதிரி உருண்டு வந்தது. பஸ்ஸில் வரும்போது பேத்தி முகத்தை யன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். தாராபுரச் சந்தி தாண்டினபிறகுதான் வாய் திறந்தாள்.

"வடிவாய் இருந்ததை மூக்கறுத்துப் போட்டீங்கள், அம்மம்மா. இனி இதாலை பாண் துண்டுக்கு மாஜரின்தான் பூசலாம்."

வீட்டுக்கு வந்து கத்தியை மேசையில் வைத்தேன், அவள் எடுத்தாள். எங்களிடம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கிற வழக்கமில்லை. கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் பகை வரும் என்பார்கள். ஏற்கெனவே அவள் முகம் பகையாகத்தான் இருந்தது. கடற்கரையில் பெடியளும் விடவில்லை. மூக்கறையன் வந்திட்டான் என்று கத்தியைப் பார்த்துச் சொல்லுவார்கள். ஆனாலும் வேலைக்கு அது நல்ல கத்தி. கொஞ்ச நாளில் பல்லால் கடிப்பது நின்றது. விரலில் ஒரு கீறல் கூட இல்லை. மகள் அடிக்கடி அவளுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நானும் பார்க்காத மாதிரிப் பார்த்தேன்.

இனித்தான் அந்த நாள். பின்நேரம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தி ஊரே இரண்டு பக்கமாக நின்று கையால் இழுத்த வலை. இப்போது ட்ராக்டருக்குப் பின்னால் பூட்டின இரும்பு உருளை சுற்றிச் சுற்றிக் கயிற்றை இழுக்கிறது. கறிக்கு மீன் வாங்கலாம் என்று நானும் பேத்தியும் போய் நின்றோம். மணலை அள்ளி வீசுகிற காற்று. முந்தானையைத் தலையில் போட்டு, கழுத்தைச் சுற்றிச் செருகியிருந்தேன்.

உருளைக்குப் போகிற கயிற்றில் பாசி கட்டியாகத் தொங்கிக்கொண்டு வந்தது. கையால் இழுத்த காலத்தில் அந்தப் பாசியைப் பிடுங்கி எறிவதுதான் பெண்களின் வேலை. விட்டால் கயிறு வழுக்கும், இழுக்கிறவர்கள் ஏசுவார்கள். நான் இருபது வயதில் செய்த வேலை அது. யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்விட்டது. மனிதர் இழுக்கிற கயிறு என்றால் கை பட்டவுடன் அங்கே தெரியும், ஒருவராவது தளர்த்துவார். உருளைக்கு என்ன தெரியும்?

செருகின முந்தானைத் தலைப்பு காற்றுக்கு அவிழ்ந்து கயிற்றோடு ஒட்டினதும் தெரியும், அது உருளைக்குள் போனதும் தெரியும். அதற்குப் பிறகு நான் முழங்காலில். கழுத்துச் சுற்று இறுகுகிறது. சத்தம் போட வாய் திறந்தேன், காற்று வரவில்லை. ட்ராக்டர்காரப் பெடியன் மீன் சேருகிற வலை மடி எங்கே வருகிறது என்று கடலைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எஞ்சின் சத்தத்தில் பேத்தி கத்தினது அவனுக்குக் கேட்கவில்லை. எண்ணெய் நாற்றமும் ஈரக் கயிற்று நாற்றமும் என் முகத்துக்குக் கிட்டே வந்துவிட்டன.

பேத்தி ஓடிவந்து முதலில் சேலையைப் பிடித்து இழுத்தாள். உருளையோடு யார் இழுக்கிறது? அடுத்த கணம் என் தொண்டையில் குளிர்ச்சியாக ஒன்று பட்டது. இரும்பு. சேலை தோலோடு ஒட்டி இறுகியிருந்தது, நடுவில் நூல் போக இடமில்லை. அந்த உருண்ட மூக்கைத் தோலோடு படுக்கவைத்து, அவள் உள்ளே தள்ளினாள். தள்ளி, வெளிப்பக்கமாக ஒரே இழுவை.

நான் மல்லாக்க மணலில் விழுந்தேன். என்னுடைய நீலச் சேலையின் பாதி உருளையைச் சுற்றிக்கொண்டு போனது. அப்போதுதான் அந்தப் பெடியன் திரும்பி எஞ்சினை நிற்பாட்டினான். கிட்ட வந்து, நான் பார்க்கேல்லை அம்மா என்று சொல்லிப்போட்டு மணலில் குந்திவிட்டான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அவனுக்குச் சொன்னேன்.

"நீ பார்க்காததும் பிழை, நான் கை வைச்சதும் பிழை. எழும்பு மோனை. மடி கடலுக்கை கிடக்குது, மீன் போகப் போகுது. இழுங்கோ."

இழுத்தார்கள். அன்றைக்கு நல்ல பாடு, மடி நிறைய மீன். எனக்கென்று ஒரு பெரிய பாரை மீன் ஒதுக்கி வைத்தார்கள். மாட்டேன் என்று சொல்லவில்லை.

பாதிச் சேலையும் மீனுமாக வீட்டுக்கு வந்த என்னைக் கண்டு மகள் விறைத்துப் போனாள். பேத்தி நடந்ததைச் சொன்னாள். மகள் என்னைக் கதிரையில் இருத்தி, வெளிச்சத்துக்குத் திருப்பி, கழுத்தைச் சுற்றி விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். சேலை இறுக்கின சிவப்புத் தழும்பு இருந்தது. வெட்டுக்காயம் இல்லை. மயிரிழைக் கீறல் கூட இல்லை. இரண்டு தரம் பார்த்தாள்.

பிறகு பேத்தியிடம், கத்தி எங்கே என்று கேட்டாள்.

பேத்தி கத்தியைச் சட்டைப் பைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். குடு பிள்ளை என்றேன். அவள் மேசையில் வைத்தாள். மகள் அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கடல் பக்கம் போகிறாளோ என்று இவள் எட்டி எட்டிப் பார்த்தாள். மகள் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவினாள், துணியால் துடைத்தாள், குசினியில் இருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து மூட்டுக்குள் ஒரு துளி விட்டாள். திரும்பி வந்து பேத்திக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

"எடுத்து வை. உப்போடை வைச்சால் துருப் பிடிக்கும்."

அதற்கு மேல் அதைப் பற்றி இந்த வீட்டில் கதையில்லை. கடற்கரையில்தான் கதை மாறிவிட்டது. மூக்கறையன் என்று பகிடி பண்ணின பெடியளில் இரண்டு பேர், எந்தக் கடையில் மூக்கு வெட்டினீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நானும் கரைவலைக்குப் போவதை விடவில்லை. முந்தானையை மட்டும் இப்போது இடுப்பில் செருகிக்கொண்டு, உருளைக்குத் தள்ளி நிற்கிறேன்.

அன்றைக்குக் கடையில் நின்று நான் யோசித்ததெல்லாம் பிள்ளையின் விரல், பக்கத்தில் நிற்கிறவரின் உடம்பு, பார்க்கிறவரின் பயம், இவ்வளவும்தான். என்னுடைய கழுத்து அந்தக் கணக்கில் இருக்கவே இல்லை. ஆனாலும் பிறத்தியாருக்குக் காயம் வரக் கூடாது என்று தேய்த்த அந்த முனைதான் என்னுடைய தொண்டைக்கும் இடம் விட்டது என்று, ஒவ்வொரு நாளும் சேலை உடுக்கும்போது கழுத்தைத் தடவி நினைத்துக்கொள்கிறேன்.

சரி பிள்ளை, எழுதினது காணும். இனி முதலில் இருந்து வாசி, கேட்பம். மாஜரின்தான் பூசலாம் என்று நீ சொன்ன இடத்தையும் விடாமல் வாசி.