மாப்பிள்ளையின் விமானத்தில் பத்து பெரண்டாம் வரை

காலை 11.30. பாயா ரும்புட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து பத்து பெரண்டாம் விமான நிலையத்துக்குக் காரில் கால் மணி நேரம்தான். அங்கே வானத்திலிருந்து வந்து இறங்குவதற்காக நான் மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்தில் பதினைந்து வெள்ளிக்கு டிக்கெட் எடுத்து, கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறினேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்தப் பயணத்துக்குக் காரணம் என் தங்கை பவானி.

அவள் கணவர் தனபாலன் கிள்ளானில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் சிறிய விமானம் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தார். இந்தப் பள்ளி விடுமுறையில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தானே ஓட்டி லங்காவிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. பவானி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அண்ணன் ஒரு தடவை அவரோடு போய்ப் பார்த்துவிட்டு, ஏறலாம் என்று சொல்லட்டும், அதன் பிறகு ஏறுகிறேன் என்றாள்.

என்னை ஏன் பிடித்தாள் என்றால், புக்கிட் ரம்பாயில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கிறேன். மயிரிழை விரிசல் கண்ணில் பட்டாலும் லைனை நிறுத்தச் சொல்லும் ஆள். ஆனால் டைல்ஸ் வேறு, தங்கையின் குடும்பம் வேறு. பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை என் முழங்காலைப் பார்த்தார். அது தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

பிற்பகல் 2.20, சுபாங் விமான நிலையம். பஸ் நிலையத்திலிருந்து வாடகைக் காருக்கு 42 வெள்ளி. மாப்பிள்ளை எனக்கு முன்பே வந்து விமானத்தின் சக்கரங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம், மணிக்கு 780 வெள்ளி வாடகை. கதவு என் பழைய காரின் கதவைவிட லேசாக இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பும் முன் முகப்பில் இருந்த ஜிபிஎஸ் திரையைக் காட்டி விளக்கினார். எந்த ஓடுபாதை என்று தேர்ந்தெடுத்தால், அதன் தலைமாட்டுக்கு ஒரு சரிவான பாதையை அதுவே போட்டுக் கொடுக்கும். ஆட்டோபைலட்டை அதோடு இணைத்துவிட்டால் விமானம் அந்தச் சரிவைப் பிடித்துத் தானாக இறங்கும். ஆனால் அந்தக் கருவிக்கு வழியில் இருக்கும் மரமும் தெரியாது, மேடும் தெரியாது, மழையும் தெரியாது. நிறுத்தும் வரை இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

“ரன்வே நம்ம கண்ணுக்குத் தெரியணும் மச்சான். தெரியலன்னா இத நம்பக் கூடாது, மேல ஏறிடணும். உங்க கண்ணுல எது பட்டாலும் உடனே சொல்லுங்க லா.”

சரி என்று தலையாட்டினேன். மாப்பிள்ளையிடமே குறை சொல்லச் சம்மதிக்கிறேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

3.10. கிளம்பினோம். போர்ட்டிக்சன் வரை கடலோரம், இடது பக்கம் செம்பனைத் தோட்டங்கள். மாப்பிள்ளை நிதானமாகத்தான் ஓட்டினார். நான்தான் அவர் கையைப் பார்ப்பதும், இறக்கையைப் பார்ப்பதும், எண்ணெய் அளவு காட்டும் முள்ளைப் பார்ப்பதுமாகத் தவித்தேன். தங்கா பத்து தாண்டியபோது தூரத்தில் என் தொழிற்சாலைக் கூரை தெரிந்தது. இத்தனை வருடமாக அவ்வளவு சின்ன இடத்துக்குள்தானா ஓடியாடினேன் என்று இருந்தது.

3.55. கிளேபாங் கடற்கரைக்கு மேல் இடது பக்கம் திரும்பினோம். நேர் எதிரே, வீட்டுக் கூரைகளுக்கு அப்பால், சாம்பல் நிறப் பட்டையாக ஓடுபாதை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் இறங்க அனுமதி வாங்கினார். ஆட்டோபைலட் சரிவைப் பிடித்தது. மூக்கு தானாகத் தாழ்ந்தது. மாப்பிள்ளை இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, திரையில் சரிவைக் காட்டும் குறி நடுவிலேயே நிற்பதைப் பெருமையாக எனக்குக் காட்டினார்.

அப்போது வலது பக்கமிருந்து மழை வந்தது. திரைச்சீலையை இழுப்பதுபோல் ஓடுபாதையின் கோடியை மூடியது, பிறகு நடுவை, பிறகு முழுவதையும். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் சொல்லவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் மாப்பிள்ளையிடம் யாரும் தப்பு என்று சொன்னதில்லை. ஒருமுறை சிரம்பானில் ஒரு கல்யாணத்துக்கு வேனில் கூட்டிப் போனவர், அலோர் காஜாவில் வழி தவறித் திரும்பினார். வேனில் இருந்த ஒன்பது பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தம்பின் என்ற ஊருக்குள் போய்ப் பெயர்ப் பலகையை அவரே படித்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார். பவானி மட்டும் முதல் நாளே சிரம்பான் போயிருந்தாள், வேனில் இருந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அதே வாய்க்கட்டு எனக்கு இங்கேயும் வந்தது. எப்படிச் சொன்னால் அவர் மனம் நோகாது என்று வார்த்தை தேடினேன். மனசுக்குள் விநாடிகளை எண்ணிக்கொண்டும் இருந்தேன், தொழிற்சாலைப் பழக்கதோஷம். முப்பது வரை எண்ணிவிட்டேன். பயத்தில் என் இரண்டு கால்களும் தரையை விட்டுத் தானாக மேலே எழும்பின.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். ஒரு கணம்தான். ஆட்டோபைலட்டை அணைத்து, எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளி, மூக்கைத் தூக்கினார். உயரம் காட்டும் எண் அறுநூறு அடியிலிருந்து மெல்ல ஏற ஆரம்பித்தது.

தங்கா பத்துக் கடலுக்கு மேல் இருபது நிமிடம் சுற்றினோம். அவர் கோபுரத்தோடு பேசினாரே தவிர என்னோடு பேசவில்லை. மழை உள்நாட்டுப் பக்கம் நகர்ந்ததும் திரும்பி வந்து, இந்தத் தடவை கையாலேயே ஓட்டி, 4.25-க்கு ஈரத் தரையில் இறக்கினார். நல்ல இறக்கம். எஞ்சின் நின்ற பிறகும் அவர் பெல்ட்டைக் கழற்றவில்லை.

“குறி நடுவுலயே நின்னுச்சா, அதயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன் மச்சான். நீங்க கால தூக்குனது ஓரக்கண்ணுல பட்டுச்சு. இல்லன்னா எப்ப நிமிந்திருப்பேனோ தெரியல. ரன்வே மறைஞ்சத நீங்க பாத்தீங்களா?”

பார்த்தேன் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். முப்பது எண்ணினேன் என்றேன்.

“ஏன் சொல்லல?”

மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன் என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“மேல போயிட்டா நான் மாப்பிள்ளை இல்ல மச்சான், டிரைவர்தான் லா. பவானிகிட்ட எதையும் மறைக்காதீங்க.”

மாலை 5.15, என் வீடு. பவானி காலையிலேயே பிள்ளைகளோடு காரில் வந்து காத்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் நின்று ஏறலாமா என்று கேட்டாள். உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், மழையையும், திரையையும், முப்பதையும். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“முப்பது எண்ணுற வரைக்கும் வாய மூடிக்கிட்டா இருந்தீங்க அண்ணே?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. சுபாங்குக்கு நான் அவரைத் தரம் பார்க்கப் போனேன். தேறாமல் திரும்பியவன் நான்தான். அவர் தன் தப்பை யாரும் கேட்காமலே ஒத்துக்கொண்டார், எனக்கு அதைச் சொல்லவே வாய் வரவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் காது வரை சூடேறியது. ஆனாலும் மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தேன்.

“மாப்பிள்ளை, வெளிய பாக்காம திரையப் பாத்துக்கிட்டு இருந்தது உங்க தப்பு.”

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் இந்த வீட்டில் அவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் குனிந்த தலையை நிமிர்த்தினார்.

“ஆமா மச்சான். தப்புதான்.”

பவானி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆறிய தேநீரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்படின்னா நான் வரேன். முன் சீட்டுல நான்தான் உக்காருவேன்.”